வேலிப் பொட்டும் ஒழுங்கையும்

ஸ்காபரோ
தை 22

அன்பின் கமலி,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல்நாள் கிடைத்தது. பொங்கலன்று வெளியே சைபருக்குக் கீழே 18 பாகை குளிர். பானையை மின்னடுப்பில் வைத்துத்தான் பொங்கினோம். "சூரியனுக்குக் காட்டாமல் என்ன பொங்கல்" என்று அம்மா யன்னல் திரையை விலக்கிவிட்டுக் கும்பிட்டா. அவவுக்கு இப்போது 86 வயது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி சுகம். வோக்கரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறா. நீ போனமுறை தந்த கறிவேப்பிலைக் கன்று சாப்பாட்டறை யன்னலடியில் நான்கு புதுக்கொழுந்து விட்டிருக்கிறது.

சின்னவளுக்கு ஐப்பசியில் ரொறன்ரோ டவுண்ரவுனில் வேலை கிடைத்தது. எந்தக் கட்டடத்தில் தெரியுமா? நான் 1991இல் வந்த புதிதில் இரவில் கூட்டித் துடைத்த அதே கட்டடத்தில். முதல்நாள் போய் வந்தவள், "அம்மா, உங்கட மாடி எது?" என்று கேட்டாள். பதினேழில் இருந்து இருபது வரை என்றேன். அவளுக்கு இருபத்திரண்டாவது மாடி. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, சந்தோஷத்தில்தான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மாசியில் கல்யாணத்துக்கு வரும்போது ஒருநாள் டவுண்ரவுன் பார்க்க வேண்டும், முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பனியில் நடக்கப் பயமாக இருக்கிறது, அங்கே நிலத்துக்குக் கீழாலேயே நடக்கலாமாமே என்று எழுதியிருந்தாய். நடக்கலாம். 30 கிலோமீற்றருக்கு மேல் நடக்கலாம். எழுபத்தைந்துக்கு மேற்பட்ட கட்டடங்களையும் ஆறு சப்வே நிலையங்களையும் தொடுத்துக்கொண்டு போகிறது, வழியில் 1,200 கடைகள். 'பாத்' (PATH) என்று பெயர். ஆனால் உங்கள் மொன்றியல் போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வராதே. இதை இன்னும் நீட்டுவது பற்றி ஒவ்வொரு புதுக் கோபுரம் எழும்பும்போதும் இங்கே பேச்சு வருகிறது. அப்போதெல்லாம் என் மனதில் கிடந்து உருளுகிற ஒரு விஷயம் உண்டு. அதை உனக்குச் சொன்னால்தான் ஆறும்.

ஊரில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த வேலிப் பொட்டு ஞாபகமா? உன் அப்பாவும் என் அப்பாவும் நல்லாயிருந்த காலத்தில் அதுக்குள்ளால் பூந்து பூந்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வருவோம். எல்லைக் கதை வந்து இருவரும் முகம் கொடாமல் திரிந்த அந்த ஒரு வருஷம், உன் அப்பா பொட்டைக் கிடுகு வைத்து அடைத்துவிட்டார். நாங்கள் ஒழுங்கையால் சுற்றித்தான் சந்தித்தோம். ஒழுங்கையை யாராலும் அடைக்க முடியாது, அது ஊருக்குச் சொந்தம். பொட்டு வளவுக்காரனுக்குச் சொந்தம். ரொறன்ரோவின் நிலக்கீழ்ப் பாதை முழுவதும் பொட்டுத்தான் கமலி.

தொடங்கினதே அப்படித்தான். 1900இல் ஈட்டன்ஸ் கடைக்காரர் தங்கள் பெரிய கடையையும் பக்கத்தில் இருந்த மலிவு விற்பனைக் கட்டடத்தையும் இணைக்கத் தெருவுக்குக் கீழே ஒரு சுரங்கம் வெட்டினார்கள். 1917இல் நகர மையத்தில் அப்படி ஐந்து இருந்தன. பிறகு பெரிய ரெயில் நிலையமான யூனியன் ஸ்ரேசனுக்கும் எதிரே உள்ள றோயல் யோர்க் ஹோட்டலுக்கும் இடையே ஒன்று வந்தது. 1960களில் நகரத் திட்ட அதிகாரியாக இருந்த மத்தியூ லோசன், மேலே நடைபாதைகள் ஒடுக்கம், சனம் நெரிகிறது என்று கண்டு, கோபுரம் கட்ட வந்தவர்களிடம் கீழே ஒரு கடைத்தெரு வையுங்கள், பக்கத்துக் கட்டடத்தோடு இணைத்துத் தருகிறோம் என்று பேசிச் சம்மதிக்க வைத்தார். நகரசபையும் செலவில் பங்கு கொடுத்தது. 1970களில் வந்த புது நகரசபை, மேலே தெரு செத்துப்போகும் என்று பயந்து அந்த உதவியை நிறுத்தியது. அந்தப் பயம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பாதை வளருவது நிற்கவில்லை. வாடகைக்கு வருகிற அலுவலகங்கள் குளிர்படாமல் ஸ்ரேசனுக்குப் போக வழி கேட்டன, கட்டடக்காரர்கள் தாங்களாகவே இணைத்தார்கள். முந்திக் களஞ்சியமாகக் கிடந்த நிலவறை நல்ல வாடகை தருகிற கடையாக மாறியது. 1987இல்தான் நகரசபை ஒருங்கிணைப்பைக் கையில் எடுத்து, அடுத்த ஆண்டு ஒரே மாதிரியான வழிகாட்டிப் பலகைகள் போட்டது.

பலகைதான் பொது. நிலம், கதவு, விளக்கு, காவல்காரர் எல்லாம் அந்தந்தக் கட்டடத்துக்காரருடையது. நடந்து பார்த்தால் உனக்கே விளங்கும். ஓரிடத்தில் வழவழத்த கருங்கல் தரை, பத்து அடி தள்ளி வேறு தரை, கூரை பதிகிறது, வெளிச்சத்தின் நிறம் மாறுகிறது. அதுதான் எல்லை, அங்கேதான் வேலி நிற்கிறது.

நான் இரவு வேலை செய்த காலத்தில் இந்தப் பொட்டுகளை அடைக்கிற நேரம் எனக்கு மனப்பாடம். வேலை ஒரு மணிக்கு முடியும். கடைசி சப்வே ஒன்றரைக்கு. பகலில் சூட்டும் கோட்டும் போட்டவர்கள் கதகதப்பாக நடந்துபோகிற அதே வழி, எங்களுக்குப் பூட்டியிருக்கும். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும், நாங்கள் நாலைந்து தமிழ்ப் பெண்களும் ஒரு போர்த்துக்கேய அம்மாவும் மேலே ஏறி, கோபுரங்களுக்கு நடுவே அடிக்கிற காற்றில் முகத்தைப் பொத்திக்கொண்டு கிங் நிலையத்துக்கு ஓடுவோம். அந்த அம்மா ஒருநாள் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டா. நாங்கள் துடைத்துவிட்டு வந்த தரையால் எங்களுக்கு நடக்க வழியில்லை. அப்போது அதைக் கேள்வியாகக் கேட்கத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, அதனால் கேட்கிறேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்தி வேலை செய்யிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தா. கூட்டிக்கொண்டு போனேன். யூனியனில் இருந்து வடக்கே நல்லாத்தான் நடந்தோம். ஒரு கட்டடம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் ஆறு படி. ஆறே ஆறு படி. பக்கத்தில் லிஃப்ட் இருந்தது, ஆனால் வார இறுதியில் பூட்டாம். காவலுக்கு நின்ற பிள்ளை பாவம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வேறு லிஃப்டில் எங்களை மேலே ஏற்றித் தெருவால் சுற்றி அழைத்துப் போனான். அம்மாவின் வோக்கர்ச் சில்லு பனிச் சேற்றில் புதைந்தது. ஒன்ராறியோவில் 2005ஆம் ஆண்டே சட்டம் போட்டார்கள், 2025க்குள் மாகாணம் முழுவதும் உடல் இயலாதவர்களுக்குத் தடையில்லாமல் ஆக்குவோம் என்று. அந்த ஆறு படி இன்னும் அங்கேதான் இருக்கிறது. தனித்தனியாக, வேறுவேறு ஆண்டுகளில், வேறுவேறு மட்டத்தில் கட்டியதைத் தொடுத்தால் படி வரத்தான் செய்யும். புதிதாக வெட்டுகிற பகுதியிலாவது அது வரக்கூடாது.

அன்றைக்கு அம்மா கேட்ட இன்னொன்று: "ஏன் பிள்ளை, இவ்வளவு பெரிய மண்டபங்கள், ஒரு திண்ணை இல்லையே?" சாப்பாட்டுக் கடைகளுக்கு முன்னால் கதிரைகள் உண்டு, நடந்துபோகிற வழியில் சும்மா குந்த இடம் அருமை. அம்மாவுக்குப் பருத்தித்துறைத் தெருமூடி மடம் நினைவு வந்துவிட்டது. எனக்கும். தெருவுக்கு மேலே கூரை, இரண்டு பக்கமும் கல்தூண், திண்ணை. மழைக்கு ஒதுங்கின நாங்களும் சந்தைக்குப் போகிற கிழவிகளும் ஒரே திண்ணையில் இருந்தோம், யாரும் எழும்பிப் போ என்றதில்லை. அந்தக் காலத்து ஆட்களுக்கு, தெருவை மூடினால் களைத்தவன் இருக்கவும் இடம் வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

உன் மொன்றியலில் மெற்றோ நிலையங்களுக்கு மேலே கட்ட இடம் கொடுத்தபோதே நகரம் நடைவழி உரிமையையும் சேர்த்து எழுதி வாங்கியது என்று நீதான் ஒருமுறை விளக்கினாய். 1962இல் பிளாஸ் வில் மரி என்ற கோபுரத்தின் கீழே தொடங்கி, 1966இல் மெற்றோ வர அதோடு ஒட்டி வளர்ந்தது அது. மெற்றோ ஓடுகிற நேரமெல்லாம் பெரும்பாலான வழிகள் திறந்திருப்பது அதனால்தானே. பலே டி கொங்கிறே மாநாட்டு மண்டபத்தில் அந்த றோசா நிற மரங்களுக்கு நடுவில் என்னைப் படம் எடுத்தாயே, அன்று வெளியே பனி கொட்டினது எனக்குத் தெரியவேயில்லை.

இங்கே விரிவாக்கம் நடக்காமல் இல்லை. 2015இல் யூனியனில் இருந்து யோர்க் வீதிக்குக் கீழால் வெலிங்ரன் வீதி வரை புதுச் சுரங்கம் திறந்தார்கள், காலை நெரிசல் அதனால் குறைந்தது. ரெயில் பாதைக்குத் தெற்கே, ஏரியை நிரப்பி எடுத்த நிலத்தில், பாதை நிலத்துக்கு மேலே ஏறிப் பாலங்களாகப் போகிறது. அங்கே இப்போது ஆயிரக்கணக்கில் சனம் குடியிருக்கிறது, தொட்டிலில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வடக்கே யூனிவேர்சிற்றி அவெனியூவில் வரிசையாக நிற்கிற பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டும் இந்தப் பாதை இன்னும் போய்ச் சேரவில்லை. என்னைக் கேட்டால் முதலில் அங்கேதான் வெட்ட வேண்டும். வங்கிக்குப் போகிறவரைவிட டயாலிசிஸ் செய்துவிட்டு வருகிற மனிசனுக்கு அல்லவா குளிரில் இருந்து மறைப்பு வேண்டும்.

2020 வசந்தத்தில் அலுவலகங்கள் மூட, கீழே ஒரு ஈ காக்கை இல்லை. எங்கள் ஆள் ஒருவர், பதினாறு வருஷமாகக் கீழே சான்விச் கடை வைத்திருந்தவர், கண்ணுக்கு முன்னால் எல்லாவற்றையும் இழந்தார். இப்போதும் செவ்வாய், புதன், வியாழன்தான் கூட்டம். அலுவலகக்காரரை மட்டும் நம்பிக் கட்டினால் இதுதான் வரும். இரவு பதினொரு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்தால், பக்கத்தில் குடியிருக்கிற சனம் கீழே வராதா? நகரசபை புதுக் கோபுரத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, சப்வே ஓடும்வரை கதவு திறந்திருக்கும், படி இருந்தால் லிஃப்டும் இருக்கும், அதுவும் பூட்டாமல் இருக்கும் என்று எழுதி வாங்கலாம். அனுமதி கொடுத்த பிறகு கேட்டால் யார் தருவார்?

இன்னொரு பயமும் உண்டு. 2024 ஜூலை 16ஆம் திகதி சில மணி நேரத்தில் கிட்டத்தட்ட 100 மில்லிமீற்றர் மழை கொட்டி யூனியன் ஸ்ரேசனுக்குள் தண்ணீர் ஓடியது. கீழே கீழே வெட்டிக்கொண்டு போகிறவர்கள் தண்ணீர் போக வழியையும் சேர்த்து வெட்டட்டும்.

எங்கள் பகுதி நகரசபை உறுப்பினருக்கு இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, சின்னவளிடம் ஆங்கிலத்தில் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பூட்டிய லிஃப்டையும் படம் எடுத்து இணைக்கப் போகிறேன். உனக்கு எழுதினபடியே எழுதம்மா என்கிறாள், பொட்டுக் கதையையும் விடவேண்டாமாம்.

இனி உன் பயணம். உன் ரெயின் யூனியனுக்கு வரும், நான் பெரிய மண்டபத்தில் நிற்பேன். டவுண்ரவுனுக்குச் செவ்வாயில் போவோம், ஞாயிறு வேண்டாம். பகல் பதினொரு மணிக்குத் தொடங்கினால் மத்தியானக் கூட்டத்துக்கு முதல் சின்னவளின் கட்டடத்துக்குப் போய்ச் சேரலாம். படி இல்லாத வழியாகப் பார்த்து வைத்திருக்கிறேன், போன சனிக்கிழமை இரண்டு தரம் நடந்து பார்த்தேன். தற்செயலாக என்னைத் தவறவிட்டால் பதறாதே. பலகையில் 'பாத்' என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துக்கும் நான்கு நிறம்: சிவப்பு தெற்கு, செம்மஞ்சள் மேற்கு, நீலம் வடக்கு, மஞ்சள் கிழக்கு. சிவப்பைப் பார்த்து நடந்துகொண்டே வா, யூனியன் வரும்.

வரும்போது உங்கள் ஊர்ப் பேகல் ஒரு பை கொண்டுவா, எள்ளுப் போட்டது. அம்மா தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட ஆசைப்படுகிறா.

அன்புடன்,
சாந்தி