வயல் சிலந்தியையும் எண்ணுங்கள்

கடலூர் மாவட்ட வேளாண் துறை அலுவலர்களுக்கு,

ஐயா, அம்மா, வணக்கம். வீராணம் தண்ணீரில் மூன்று காணி நெல் போடுகிறவன் நான்.

போன சம்பாவில் ஒருநாள் காலை, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி இருக்கிறதா என்று தூரைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சிலந்தி தண்ணீர் மேலேயே ஓடி அடுத்த தூருக்குப் போனது. அடிவயிற்றின் நுனியில் வெளுத்த முட்டைப்பை ஒட்டியிருந்தது. மறுவாரம் இன்னொன்று, அதன் முதுகு முழுக்கக் குஞ்சுகள். வலை பின்னாமல் துரத்திப் பிடிக்கும் ஓநாய்ச் சிலந்தி இது. ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும்.

இதன் பங்காளி ஒன்று வடகிழக்கு கிரீன்லாந்தின் பனிநிலத்தில் வாழ்கிறது. இரண்டும் பர்தோசா என்ற ஒரே பேரினம். அங்கே சாக்கன்பர்க் என்ற இடத்தில் 1996 முதல் கோடைதோறும் தரைமட்டத்தில் கிண்ணம் புதைத்து, விழுகிற சிலந்திகளை எரிசாராயத்தில் போட்டுப் பாதுகாக்கிறார்கள். அவ்வளவுதான் வேலை, ஆனால் வருடக்கணக்காகத் தொடர்ந்து செய்கிறார்கள். அதனால்தான் பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளில் அந்தச் சிலந்தி பெரிதாக வளர்வது தெரிந்தது. முட்டைப்பைகளைப் பிரித்து எண்ணியபோது, அதே கோடையில் இரண்டாம் முறையும் முட்டை இடுவது தெரிந்தது.

சிலந்தி பெருகினால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். அலாஸ்காவில் கூண்டு வைத்துச் சோதித்தபோது, சூடேற்றிய இடத்தில் சிலந்தி அதிகமாக இருந்த கூண்டுகளில் இலைதழை மக்குவது மெதுவானது. ஒரு சிலந்தியின் கணக்கு மாறினால் மண்ணே மாறுகிறது.

நம் ஊரிலும் வெயில் ஏறுகிறது. அப்பா காலத்தில் இந்தச் சிலந்தி எவ்வளவு இருந்தது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் பிள்ளைக்காவது பதில் இருக்கட்டும். அரசு விதைப் பண்ணைகளில் சம்பாதோறும் அதே வரப்போரம், அதே வாரம் கிண்ணம் புதைத்து எண்ணி எழுதி வையுங்கள். பெரிய செலவில்லை.

அப்புறம் இன்னொன்று. வயல்வெளிப் பயிற்சியில் புகையானை எண்ணச் சொல்லும்போதே சிலந்தியையும் எண்ணச் சொல்லுங்கள். கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது சிலந்தி. புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருந்து, பொரித்து வரும்போது தடுக்க ஆள் இருக்காது. இரண்டு வருடம் முன்பு என் வயலில் இதுதான் நடந்தது. வட்டவட்டமாகக் காய்ந்த பயிரை நான் இன்னும் மறக்கவில்லை.

வருகிற சம்பாவில் ஏரி வாய்க்கால் பக்கத்து மூலையில் பத்து சென்ட் மருந்து அடிக்காமல் விடுகிறேன். முதல் கிண்ணத்தை அங்கே புதைக்க வாருங்கள்.

இப்படிக்கு,
வீராணம் பாசன விவசாயி