ஸ்லைடில் கிருமி உண்டு, சிபிநாட்டில் இல்லை: மாவட்டக் காசநோய் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டக் காசநோய் அலுவலர்களுக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகச் சளி பரிசோதனை செய்யும் லேப் டெக்னீஷியன் நான். சளி தடவிய கண்ணாடி ஸ்லைடில் கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி கிளம்பும்வரை சூடுகாட்டி, அமிலத்தில் கழுவி, மெத்திலீன் ப்ளூ போட்டுப் பார்த்தால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் தெரியும். உடனே ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவேன். முன்பெல்லாம் அந்த ஒரு சொல்லை நம்பி ஆறு மாத மாத்திரை தொடங்கிவிடுவார்கள்.

சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் இயந்திரம் வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஸ்லைடில் 2 பிளஸ், அதாவது கிருமி நிறைய; சிபிநாட்டிலோ காசநோய்க் கிருமி இல்லை. அந்தச் சிவப்புச் சாயம் காசநோய்க் கிருமியில் மட்டுமா ஒட்டுகிறது? மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழும் அதன் பங்காளிகள், அதாவது காசநோயல்லாத மைக்கோபாக்டீரியாக்கள், நூற்றுக்கு மேல். அவற்றிலும் ஒட்டும். ஏவியம், கான்சாசி, அப்செசஸ் போன்ற சில நுரையீரலையும் அரிக்கும். அதுவும், பழைய காசநோய் குழி விட்டுப்போன நுரையீரல் என்றால் அவற்றுக்கு எளிது. காசநோயிலிருந்து நாம் காப்பாற்றிய மக்களே இதில் மாட்டுகிறார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஓர் அம்மாவுக்கு 58 வயது. பல ஆண்டுகளுக்கு முன் முழு மருந்தும் முடித்தவர். இருமலோடு திரும்பி வந்தார், ஸ்லைடு பாசிட்டிவ், மறுபடி அதே மாத்திரை. எட்டு மாதம் விழுங்கியும் சளியில் ரத்தம் நிற்கவில்லை. கடைசியில் சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினால், காசநோய்க் கிருமி வளர வாரக்கணக்காகும் குப்பியில் ஐந்தே நாளில் வளர்ந்து நின்றது அப்செசஸ். வழக்கமான காசநோய் மருந்துகளுக்கு அது மசியாது. அந்த எட்டு மாதமும் வீட்டில் அவருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு, பேரனைத் தூக்கவிடவில்லை. இந்தக் கிருமி பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றாது என்று சொல்ல அவருக்கு ஒருவர்கூட இல்லை.

இது நம் மண்ணுக்குப் புதிதுமல்ல. 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வில், தோல் பரிசோதனையிலேயே இக்கிருமிகளின் தடம் பரவலாகத் தெரிந்தது. அமெரிக்கா போன்ற நாடுகளில் இன்று காசநோயைவிட இவற்றால் வரும் நுரையீரல் நோயே அதிகம். இங்கே காசநோய்தான் இன்னும் பெரிய எதிரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது குறையக் குறைய, ‘பாசிட்டிவ்’களில் இவற்றின் பங்கு கூடத்தான் செய்யும்.

நான் கேட்பது பெரிதல்ல. ஸ்லைடு பாசிட்டிவ், சிபிநாட் நெகட்டிவ் என்று வந்தால் மறுபடி சளி வாங்கி, இன்ன கிருமி என்று சொல்லும் கல்ச்சருக்கு அனுப்ப உத்தரவிடுங்கள். ஒரே கல்ச்சரை நம்பியும் முடிவெடுக்க வேண்டாம். தண்ணீரில் இருக்கும் கிருமி சளி டப்பாவிலும் ஏறும். இரண்டு சளியிலாவது அதே கிருமி வர வேண்டும். வரும் முடிவை, ஸ்லைடு பார்த்த எங்களுக்கும் ஒரு வரி தெரிவியுங்கள்.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். எங்கள் பதிவேட்டில் இப்படி முரண்பட்டு நிற்கும் முடிவுகளை நானே உட்கார்ந்து எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்