கடலையின் மூச்சுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் குடியிருப்பில் உடன் வாழும் அண்டை வீட்டாருக்கும், கடைத்தெருவில் கைகொடுத்தவர்களுக்கும், மருத்துவர் அம்மையாருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் வளரும் பொரி, கடலை என்ற இரண்டு கினிப் பன்றிகளில் (பன்றி அல்ல, எலி இனத்தைச் சேர்ந்த சிறு வளர்ப்புப் பிராணி) இளையவளான கடலையின் மூன்று வாரச் சிகிச்சை முடிந்துவிட்டது. நேற்றுக் காலை சமையலறைத் தராசில் அவள் எடை 896 கிராம். பொங்கலன்று அது 842 ஆக இருந்தது. இடைப்பட்ட நாட்களில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள், தொலைபேசியில் கேட்டவர்கள், கேட்காமலே உதவியவர்கள் ஆகிய எல்லோருக்கும் தனித்தனியே வந்து நன்றி சொல்ல முயன்றேன். மின்தூக்கியில் நின்றபடி இரண்டு வார்த்தை பேசுவதற்குள் தளம் வந்துவிடுகிறது. ஆகவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றியை எங்கள் வீட்டுக்குள்ளேயே சொல்ல வேண்டியிருக்கிறது. போகியன்று இரவு, "அம்மா, கடலை குறட்டை விடுகிறாள்" என்று சொன்னவள் ஒன்பது வயதான என் மகள். நாங்கள் சிரித்தோம். சிரித்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு பொரி திடீரென்று கழுத்தை நீட்டி, விளையாட்டு ஊதலை ஊதுவது போன்ற ஒலியை அரை நிமிடம் எழுப்பினாள். பதறிப்போய்ப் பார்த்தபோது, மூக்கில் புல் தூசி ஏறியிருந்ததே காரணம் என்று தெரிந்தது. ஒரு துண்டு வெள்ளரிக்காயைத் தின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது. அன்று கிடைத்த நிம்மதி, போகியன்று எங்கள் காதை அடைத்துவிட்டது. வெளியே தெருவெங்கும் புகை. இரண்டு தும்மல், கொஞ்சம் கரகரப்பு, காலையில் போய்விடும் என்று நாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

காலையில் போகவில்லை. பொங்கல் வைத்து முடித்து, மூன்றாம் தளத்துத் தாத்தாவுக்குப் பொங்கல் கொடுக்கப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னேன். முப்பதாண்டுகளுக்கு மேல் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்களின் சத்தத்தைக் கேட்டே பழுதைக் கண்டுபிடித்தவர் அவர். கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார். கடலையை எடுக்கச் சொல்லவில்லை. கூண்டின் அருகே தரையில் உட்கார்ந்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, ஐந்து நிமிடம் பேசாமல் கேட்டார். பிறகு, "இது மூக்கில் மட்டும் வருகிற சத்தம் இல்லையம்மா, விலாவிலிருந்து வருகிறது" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் கேட்டது. சூடான வாணலியில் கல் உப்பு பொரிவது போன்ற மெல்லிய படபடப்பு, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து, விலா எழுந்து தாழ்வதைப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கும்படி என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். நிமிடத்துக்கு 132. அந்த எண்ணையும் நேரத்தையும் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்தார். ஓய்வாக இருக்கும் கினிப் பன்றி நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 100 முறை மூச்சு விடும் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. தாத்தா எழுதிய அந்தத் தாள் மருத்துவரின் மேசையில் பெரிய உதவியாக இருந்தது.

அதே தாளில் நானும் சிலவற்றைச் சேர்த்தேன். கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் "வீக், வீக்" என்று கூவி ஓடி வருகிறவள் மூலையில் கூனிக் குறுகி, மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருந்தாள். மூக்கின் ஓரத்தில் காய்ந்த பொருக்கு இருந்தது. புழுக்கைகள் சிறுத்தும் குறைந்தும் போயிருந்தன. முந்தைய ஞாயிறன்று 910 கிராம் இருந்தவள் நான்கே நாளில் 68 கிராம் இழந்திருந்தாள். ஒரு கிலோ கூட இல்லாத உடலுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைத் தராசு சொன்ன பிறகே உணர்ந்தோம்.

அடுத்ததாக நான் நன்றி சொல்வது மருந்துக் கடைத் தம்பிக்கு. அவரிடம் முதலில் மன்னிப்பும் கேட்க வேண்டும். மாட்டுப் பொங்கல் காலை, நாய் பூனை மட்டுமே பார்ப்போம் என்று ஒரு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மற்ற இடங்களில் விடுமுறை. நான் நேரே மருந்துக் கடைக்குப் போய், என் மகளுக்குச் சளி பிடித்தபோது குடித்த அமாக்ஸிசிலின் சிரப் ஒரு புட்டி கேட்டேன். யாருக்கு என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். மருத்துவரின் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார். தெரிந்தவர்தானே, பத்து ஆண்டுகளாக உங்கள் கடையில்தானே வாங்குகிறேன் என்று நான் குரலை உயர்த்தியும் அவர் அசையவில்லை. அதோடு விடாமல், கால்நடை மருத்துவம் படிக்கும் தன் உறவுக்காரப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து என்னிடம் கொடுத்தார். அந்தப் பெண் சொன்ன முதல் வாக்கியம்: "ஆன்ட்டி, அதைக் கொடுத்தால் நோய்க்கு முன்னால் மருந்தே கொன்றுவிடும்."

அது மிகையல்ல என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் முதலிய பெனிசிலின் குடும்ப மருந்துகளும் கிளிண்டமைசினும் கினிப் பன்றியின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடுகின்றன. அந்த வெற்றிடத்தில் கிளாஸ்டிரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைச் சுரக்க, சில நாட்களிலேயே வயிற்றுப்போக்கில் உயிர் போய்விடலாம். குழந்தைகளுக்கு நம்பிக் கொடுக்கும் மருந்து, அதே அறையில் படுத்திருக்கும் இந்தச் சிறு பிராணிக்கு நஞ்சாகிறது. தம்பி, அன்று நீங்கள் "இல்லை" என்று சொன்னதுதான் கடலைக்குக் கிடைத்த முதல் சிகிச்சை. உங்கள் கடை வாசலில் நான் பேசிய சொற்களை மறந்துவிடுங்கள்.

அந்தக் கல்லூரிப் பெண்ணே மருத்துவர் அம்மையாரின் எண்ணையும் தந்தார். விடுமுறை நாளில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பதாக அம்மையார் சொன்னார். எங்களை அழைத்துப் போன ஆட்டோ அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெட்டிக்குள் மூச்சு முட்டும் உயிர் இருக்கிறது என்று அறிந்ததும் பாட்டை நிறுத்தி, பள்ளம் குறைந்த சுற்றுவழியில் மெதுவாக ஓட்டி, இரண்டு மணி நேரம் வெளியே காத்திருந்து, காத்திருப்புக் கட்டணம் வேண்டாம் என்றார்.

மருத்துவர் கடலையைத் தொடுவதற்கு முன்பே, மூடிய பெட்டி ஒன்றில் ஆக்ஸிஜன் குழாயைச் செருகி அவளை அதற்குள் வைத்தார். மூச்சுத் திணறும் கினிப் பன்றியை உடனே தூக்கிப் பிடித்துச் சோதித்தால் அந்தப் பயத்திலேயே அது சரிந்துவிடக்கூடும் என்றார். இருபது நிமிடம் கழித்தே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். பிறகு எக்ஸ்ரே. கினிப் பன்றி இயல்பாக மூக்கால் மட்டுமே மூச்சு விடும் விலங்கு என்பதால் மூக்கடைப்பே அதற்குப் பெருந்துன்பம் என்றும், வாயைத் திறந்து மூச்சு விடத் தொடங்கினால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக்கூடாது என்றும் சொன்னார். எக்ஸ்ரேயில் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெண்மை படர்ந்திருந்தது. இதயத்தின் அளவையும் பல் வேர்களையும் அதே படத்தில் பார்த்தார். வயதான கினிப் பன்றிகளில் இதய நோயால் நீர் கோத்தும் இதே போன்ற ஒலி வரும். அதற்குத் தேவை நீர் இறக்கும் மருந்து என்பதால், சத்தத்தை மட்டும் வைத்து மருந்தை முடிவு செய்வதில்லை என்றார். கடலைக்கு வந்திருந்தது நிமோனியா.

கினிப் பன்றிகளின் நிமோனியாவுக்குப் போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே என்ற இரு கிருமிகளும் முக்கியக் காரணங்கள். முதலாவது கிருமியை நாயும் முயலும் தமக்கு எந்த நோயும் இல்லாமலே மூக்கில் சுமந்து திரியக்கூடும். ஜனவரி முதல் வாரத்தில் உறவினர் வீட்டு நாய் எங்கள் வீட்டில் தங்கியிருந்தது. அதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். புகை கிருமியை உண்டாக்காது, ஆனால் ஏற்கெனவே அரித்த மூச்சுக்குழாயை இன்னும் அரிக்கும் என்றும் சொன்னார். என்ரோஃப்ளாக்சாசின் என்ற மருந்தை இருவேளை வாய் வழியாகக் கொடுக்கச் சொன்னார். அளவை இங்கே எழுதவில்லை. எடையையும் வயதையும் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டியது அது. ஐந்தாம் நாள் சத்தம் குறைந்ததும் நிறுத்திவிடலாமா என்று கேட்ட என்னைக் கடிந்துகொண்டு, கடைசி நாள் வரை கொடுக்க வைத்ததற்கும் அவருக்கு நன்றி.

உப்பு நீரை மெல்லிய சாரலாக்கி மூச்சில் பிடிப்பதற்கு நான்காம் தளத்து அக்கா தன் மகனின் நெபுலைசர் இயந்திரத்தைத் தந்தார். ஆஸ்துமா உள்ள பிள்ளை வைத்திருப்பவர், இன்னொருவர் வீட்டு விலங்குக்கு அதைக் கொடுக்கத் தயங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். குழாயையும் கிண்ணத்தையும் மட்டும் புதிதாக வாங்கினோம். ஓட்டையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் பொரியையும் உடன் உட்கார வைத்து, நாளுக்கு இருமுறை பத்து நிமிடம் பிடித்தோம். துணை அருகில் இல்லாவிட்டால் கடலை பெட்டிச் சுவரைப் பிராண்டினாள். ஒன்றாக இருந்தவர்களை இப்போது பிரிப்பதால் பயனில்லை என்று மருத்துவரும் சொல்லியிருந்தார்.

மருந்தைவிடக் கடினமாக இருந்தது உணவு. கினிப் பன்றியின் குடல் நின்றால் உயிரும் நிற்கும் என்பதால், தானாகத் தின்னாத ஆறு நாட்களும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஊறவைத்து அரைத்த தீவனக் கூழை ஊசியில்லாச் சிரிஞ்சால் ஊட்டினோம். மல்லாத்திப் பிடிக்கக்கூடாது, கூழ் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நிமிர்த்தி உட்கார வைத்து, முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, அரை மில்லி ஊட்டி, அவள் மென்று விழுங்கியதைப் பார்த்தபின் அடுத்த அரை மில்லி. இரவு ஒரு மணி முறையையும் நான்கு மணி முறையையும் ஏற்றுக்கொண்டவர், பொங்கலுக்கு இரண்டு நாள் தங்க வந்து பத்து நாள் தங்கிவிட்ட என் நாத்தனார். "எலிக்குப் போய் இவ்வளவா" என்று முதல் நாள் முணுமுணுத்தவரும் அவரே. மூன்றாம் நாள் சிரிஞ்சை என் கையிலிருந்து பிடுங்கி, "நீ அவசரப்படுத்துகிறாய்" என்றார். உண்மைதான்.

கீரைக்காரம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நம்மைப் போலவே கினிப் பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர், தானியம் மட்டுமே தின்ற கினிப் பன்றிகளுக்கு வைட்டமின் சி குறைவு நோயான ஸ்கர்வி வந்ததைக் கண்டுதான் மனிதருக்கு வரும் அதே நோயையும் புரிந்துகொள்ள வழி திறந்தார்கள். கினிப் பன்றிக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும், நோய்க் காலத்தில் அதற்கும் மேல். இந்தக் கணக்கெல்லாம் தெரியாத கீரைக்காரம்மா, "கொய்யா தின்னுமா?" என்று கேட்டுவிட்டு, நூறு கிராமில் இருநூறு மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உள்ள அந்தப் பழத்தில் தினமும் ஒன்றைக் காசு வாங்காமல் கட்டுக்குள் செருகிக் கொடுத்தார். பால்காரர் தன் ஊரிலிருந்து மருந்தடிக்காத அருகம்புல் கொண்டுவந்தார். இரண்டு முறை அலசிக் கொடுத்தோம்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணியை மூன்று வாரம் நிறுத்திய எதிர்வீட்டு மாமிக்கும், நடைபாதையில் கொசுவத்திச் சுருள் ஏற்ற வேண்டாம் என்று தாமாகவே காவலாளியிடம் சொன்ன சங்கச் செயலாளருக்கும் நன்றி. எங்கள் பங்குக்கு, கூண்டில் போட்டிருந்த வாசமுள்ள மரச்சீவலை எடுத்துவிட்டுப் பருத்தித் துணி விரித்திருக்கிறோம். சிறுநீர் ஊறிய துணியிலிருந்து எழும் அம்மோனியா நெடியும் மூச்சுக்கு ஆகாது என்பதால் தினமும் மாற்றுகிறோம். நோய்க்கு முன்பு வாரம் இருமுறைதான் மாற்றினோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏழாம் நாள் காலை, தெருவில் கீரைக்காரம்மாவின் குரல் கேட்டதும் கூண்டிலிருந்து "வீக்" என்று ஒரு சத்தம் வந்தது. பொரி என்றே நினைத்தோம். பொரி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான்காம் தளத்து அக்காவின் இயந்திரத்தைச் சுத்தம் செய்து ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தருகிறேன். தாத்தா எழுதிய காலண்டர் தாளை மட்டும் தருவதாக இல்லை. அது எங்கள் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே என் மகள் தினமும் மாலையில் ஓர் எண்ணை எழுதுகிறாள். நேற்று எழுதியது 76.

நன்றியுடன்,
பொரி, கடலை வீட்டார்,
இரண்டாம் தளம், பெரம்பூர், சென்னை.