மூடித் தண்ணி கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். போன வாரத்தோடு எனக்கு எடை குறைக்கிற ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம். 118 கிலோவோடு உள்ளே போனேன், இன்றைக்குக் காலையில் 81. டாக்டருக்கு நேரில் நன்றி சொல்லி ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தாச்சு (எனக்கு அதில் ஒரு துண்டு கூட இல்லை). ஆனால் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் எனக்காக ஓடின யாருக்கும் நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் பாதிப் பேரிடம் "பித்தப்பையில கல்லு" என்று பொய் சொல்லி வைத்திருந்தேன். கல்லெல்லாம் இல்லை. இரைப்பையைத்தான் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். ஸ்லீவ் என்பார்கள், மிச்சம் இருப்பது வாழைக்காய் மாதிரி ஒரு குழாய். பொய் சொன்னதற்கு மன்னிச்சிக்குங்க.

முதலில் என் பாரிமுனை ஆபீஸ் பில்லிங் அக்காவுக்கு. இதற்கு முன்னால் நான் போன ஓர் இடத்தில் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "வாயைக் கட்டுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்து வருஷம் கட்டாத வாயா? பேலியோ, கொள்ளுத் தண்ணி, காலை நடை எல்லாம் பார்த்தாச்சு. அன்று லஞ்ச் டைமில் அழுதுகொண்டிருந்தவளை உட்கார வைத்து, பாலிசியை வரிவரியாகப் படித்து, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு) 40க்கு மேல் இருந்தால் இன்சூரன்ஸ் உண்டு, 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத சுகர், மோசமான தூக்க மூச்சுத் திணறல் மாதிரி இருந்தாலும் உண்டு என்று கண்டுபிடித்துச் சொன்னது அந்த அக்காதான். எனக்கு 46. என் எடையைப் பார்த்து சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்!

அடுத்து என் அத்தை, அதாவது மாமியார். இவரைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் கல்லீரல் சுருங்க வேண்டும் என்று சோறே இல்லாத சாப்பாடு. அதற்கே அவருக்குக் கோபம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரே நேரத்தில் 30 மில்லிதான் குடிக்க முடியும், அதையும் உறிஞ்சி உறிஞ்சி, கால் மணிக்கு ஒரு தடவை. என் மகளின் இருமல் மருந்து பாட்டில் மூடியைக் கழுவி எடுத்து வந்து, மோரை மல் துணியில் வடிகட்டி ஊற்றிக் கொடுத்தார். மகள் கையில் போனை வைத்துக்கொண்டு "அம்மா, மூடி!" என்று கத்துவாள். ஸ்கூல் லீவு முழுக்க அவளுக்கு அதுதான் விளையாட்டு. நெஞ்செலும்பு சூப்பையும் அப்படியே வடித்து, மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டி முதுகால் ஒத்தி எடுத்து, மூடியில்தான் வரும். "கோழிக்குஞ்சு கூட இதவிட ஜாஸ்தி குடிக்கும்மா" என்று திட்டிக்கொண்டேதான் ஊற்றினார்.

நான்காவது வாரம் குழைத்துச் சாப்பிடலாம் என்றார்கள். புரதம்தான் முதலில், நாளைக்கு 60 கிராம், அப்புறம் காய், சோறு கடைசியில் இடம் இருந்தால் என்று டயட்டீஷியன் மேடம் எழுதிக் கொடுத்த தாளை அத்தையிடம் படித்துக் காட்டினேன். சோறு கடைசியா என்று முகம் சுருங்கிப்போச்சு. மறுநாள் விடியக் காலையில் காசிமேட்டுக்குப் போய்ப் பால் சுறா வாங்கி வந்து, வேக வைத்து, தோலை உரித்து, நடு முள்ளை எடுத்து, எண்ணெய் காட்டாமல் புட்டு பண்ணி, அதையும் மிக்ஸியில் ரசம் விட்டு ஒரு சுற்று சுற்றிக் கொண்டு வந்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பக்குவம் அது. எனக்கு மகள் பிறந்தபோதும் அதைத்தான் கொடுத்தார், அப்போது ஒரு தட்டு நிறைய, இப்போது மூன்று ஸ்பூன். மூன்றாவது ஸ்பூனில் போதும் என்று கை காட்டினேன். வற்புறுத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மிச்சத்தை அவரே நின்றபடி சாப்பிட்டார். இருபது பேருக்குப் பொங்கிப்போட்டுப் பழகின கைக்கு அந்த "போதும்" எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. அடுத்த நாளிலிருந்து என் தட்டு மாறிவிட்டது. மகள் அன்னப்பிராசனத்துக்கு வந்த சின்ன எவர்சில்வர் கிண்ணம். இன்றைக்கும் அதில்தான் சாப்பிடுகிறேன், அத்தை.

ஹவுஸ் ஓனர் அம்மா, அந்த சின்ன மிக்ஸி ஜார் உங்களுடையது. எங்கள் பெரிய ஜாரில் மூன்று ஸ்பூன் புட்டு சுவரில்தான் ஒட்டும் என்று நீங்களே இறங்கி வந்து கொடுத்தது. கல்யாண வீட்டில் "இன்னா இவ்ளோ இளைச்சிட்ட, சுகரா, டி.பி.யா" என்று ஒருவர் என் கன்னத்தைப் பிடித்து இழுத்தபோது "உனக்கு இன்னா போச்சு, நீ பந்திக்குப் போ" என்று நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கு.

பூக்கார அக்காவுக்கு ஒன்று. நாலாவது மாசம் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. வேகமாக எடை இறங்கினால் அப்படிக் கொட்டும், திரும்ப வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆனாலும் குளியலறை ஜல்லடையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். தினம் ஒரு முழம் மல்லி வாங்குகிறவள் நான். ஒரு நாள் அவரே அரை முழம் கனகாம்பரத்தைக் கிள்ளி நீட்டி, "கனமில்லாம இருக்கும், இது வெச்சிக்கோ" என்றார், வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. முடி இப்போது வந்துவிட்டது அக்கா, முழத்துக்குத் திரும்பலாம்.

எம்.சி. ரோடு பக்கத்துச் சந்தில் இருக்கும் டெய்லர் அண்ணனுக்கும். ஒரே ஜாக்கெட்டை ஐந்து தடவை பிடித்துக் கொடுத்தார். "எடை நிக்கட்டும்மா, அதுவரைக்கும் கத்தரி வெக்கக் கூடாது" என்று உள்தையல் போட்டதோடு சரி, ஒவ்வொரு தடவையும் இருபது ரூபாய்.

வீட்டுக்காரருக்கு எழுதுவதுதான் கஷ்டம். எங்கள் இரண்டு பேருக்கும் காதல் என்றால் சாப்பாடுதான். சனிக்கிழமை ராத்திரி வண்டியை எடுத்தால் பர்மா பஜார் பக்கம் அத்தோ, பேஜோ என்று பர்மாக்காரர் சாப்பாடு, மசாலா திணித்த முட்டை. ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டு வாசனையை மறைத்துக்கொண்டு வருவார். வறுத்த பூண்டு வாசனை வெற்றிலைக்கு அடங்குமா? எனக்கு ஆத்திரம், எனக்குத் தெரியாமல் வேறு பெண்ணோடு போன மாதிரி. அவருக்கும் ஒரு பயம் இருந்தது, "பொண்டாட்டி ஒல்லியாயிட்டா, உசாரா இரு" என்று ஸ்டாண்டில் எவனோ சிரித்திருக்கிறான், அதை மனசில் வைத்துக்கொண்டு நான் சுடிதார் போட்ட அன்றெல்லாம் சண்டை. இரண்டு மாசம் சரியாகப் பேசவில்லை. இரண்டாவது குழந்தை எப்போ என்று சொந்தக்காரர்கள் அவரைத்தான் பிடித்தார்கள், ஒன்றரை வருஷம் கூடாது என்று டாக்டர் சொன்னதை வெளியில் சொல்ல முடியாமல் "எனக்குத்தான் வேணாம்" என்று அத்தனை பேச்சையும் அவரே வாங்கிக்கொண்டார். அது எனக்கு நாத்தனார் சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை "வா, சும்மா வா" என்று கூப்பிட்டார். திருவொற்றியூர் தேரடி வரைக்கும் மெட்ரோ, அங்கிருந்து வீட்டுக்கு நடை. முன்பு எங்கள் மாடிப்படிக்கே இரண்டு இடத்தில் நிற்பேன். இப்போது அவருக்குத்தான் மூச்சு வாங்குகிறது. மாசத்துக்கு ஒரு தடவை அத்தோ கடையும் உண்டு, ஒரே தட்டு, எனக்கு முட்டையும் இரண்டு வாயும். சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணி குடிக்கக் கூடாது என்பதால் அவரும் வாழைத்தண்டு சூப்பைத் தொடாமல் என்னோடு உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரருக்குத்தான் எரிச்சல், பெஞ்சு காலியாகவில்லையே என்று.

இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் இரண்டு மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும், டீயோடு சேரக் கூடாது என்பதெல்லாம் இப்போது வீட்டில் என்னைவிட அவருக்குத்தான் அத்துப்படி. இந்த மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு, அதனால் அவருக்கும் வேலை ஆயுசுக்கும் உண்டு.

ஓனர் அம்மா, ஜாரை ஞாயிற்றுக்கிழமை மேலே கொண்டு வந்து தருகிறேன். காலியாகத் தர மாட்டேன், அத்தை சுறாவுக்குச் சொல்லி வைத்துவிட்டார்.