கிணற்றுக்கு மூடி இருக்கிறதா?

உவர்மலை, திருகோணமலை
ஞாயிறு இரவு

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகனை வகுப்புத் தோழன் வீட்டுக்கு விளையாட அனுப்ப மூன்று கிழமையாக அந்தத் தாயோடு மெசேஜில் மல்லுக்கட்டினாய் என்றும், பிள்ளைக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளுமா, பூனையென்றால் தும்முவானா என்று அவர் ஒரு பட்டியலே அனுப்பினார் என்றும் எழுதியிருந்தாய். நான் சிரித்த சத்தத்துக்கு மனைவி குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். ரொறன்ரோவில் பிள்ளை ஒளித்துப் பிடித்து விளையாடவும் அப்பொயின்ட்மென்ட் எடுக்க வேண்டுமா என்று நக்கலாக ஒரு பதில் எழுத இருந்தேன். நல்லவேளை எழுதவில்லை. மறு கிழமையே எனக்கும் அதே வேலை வந்து சேர்ந்தது.

சின்னவளுக்கு எட்டு வயதாகிவிட்டது. சனிக்கிழமைகளில் டவுனில் இங்கிலிஷ் கிளாசுக்குப் போகிறாள். அங்கே அக்கரையிலுள்ள கிண்ணியாவிலிருந்து ஒரு பிள்ளை வருகிறாள். இரண்டு பேருக்கும் ஊர் வேறு, பள்ளிக்கூடம் வேறு. கிழமைக்கு ஒன்றரை மணி நேரம் ஒரே வாங்கில் இருப்பதுதான் உறவு. அந்தப் பிள்ளை வீட்டில் முயல் வளர்க்கிறார்களாம். "நான் போய்ப் பார்க்க வேணும்" என்று இவள் ஒரு மாதம் ஆக்கினை.

அந்தப் பிள்ளையின் தகப்பனை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆறு மாதமாகக் கிளாஸ் வாசலில் இருவரும் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி ஒருவருக்கொருவர் தலையாட்டியிருக்கிறோம். யோசித்துப் பார்த்தால் மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றி நான் கண்டதே இல்லை. ஒருவழியாக நம்பர் வாங்கினேன். பெயர் கேட்கக் கூச்சமாக இருந்ததால் போனில் 'முயல் வாப்பா' என்று பதிந்துகொண்டேன். (அவருடைய போனில் நான் 'பல்சர்' என்று இருந்ததைப் பிறகு கண்டேன்.)

போன் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். எத்தனை மணிக்கு விடுவது, எத்தனை மணிக்குக் கூட்டிவருவது என்பதெல்லாம் லேசு. கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, மூடி இருக்கிறதா, பிள்ளைகள் விளையாடும் நேரம் வீட்டில் யார் யார் நிற்பார்கள்? முன்பின் தெரியாத மனிதரிடம் இதை எந்த வாயால் கேட்பது? கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பார். கேட்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. "குறை நினைக்காதையுங்கோ" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேவிட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சரி, கெட்டது என்று நினைத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் கேட்டார்: "உங்கட வீட்ட நாய் இருக்கா?"

அவரும் பட்டியலோடுதான் இருந்திருக்கிறார், மச்சான்! நாய் நக்கினால் அவர்களுக்குக் கழுவித் துப்புரவாக்க வேண்டும்; பிள்ளைக்கு நாயென்றால் பயமும் கூட. இறைச்சி விஷயத்தையும் அவர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். பிஸ்கட்டும் பழமும்தான் வைப்போம் என்றேன். அவருடைய பெருமூச்சு எனக்குப் போனிலேயே கேட்டது.

முதலில் யார் வீட்டிலும் வேண்டாம், டச்பே கடற்கரையில் சந்திப்போம் என்றது என் மனைவியின் யோசனை. நீயும் அப்படியே செய்து பார். பொது இடமென்றால் யாரும் வீடு கூட்ட வேண்டாம், பிடிக்காவிட்டால் இருட்டுகிறது என்று எழும்பி வரலாம். பிள்ளைகள் இரண்டும் கண்டவுடன் மணலில் ஓடிப்போய்விட்டன. பெரியவர்கள் நாலு பேர்தான் என்ன கதைப்பதென்று தெரியாமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று அவர்களுடைய கச்சான் சரையை இழுத்துக்கொண்டு போன பிறகுதான் கதை தொடங்கியது. அவர் சிறுவயதில் டவுனுக்கு வரப் 'பாதை'க்கு, அதுதான் ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றும் மிதவைக்கு, காத்துக் கிடந்த கதை. கடைசிப் பாதையைத் தவறவிட்டு இக்கரையில் சொந்தக்காரர் வீட்டில் படுத்த கதை. 2009இல் பாலம் திறந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாதை என்றால் ரோட்டுத்தான். 396 மீற்றர் பாலம். மோட்டார் சைக்கிளில் ஒரு நிமிஷம் கூட ஆகாது.

நம் காலத்தில் இப்படியெல்லாம் கேட்டார்களா என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லைதான். வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்தால் உன் அம்மா புட்டை வைத்துவிட்டு, நான் யாரென்று கேட்காமலே போவார். கேட்க என்ன இருந்தது? என் அம்மம்மா யார், எங்கள் கிணறு எவ்வளவு ஆழம், எங்கள் நாய் யாரைக் கடித்தது எல்லாம் அவருக்கு நான் பிறக்க முதலே தெரியும். இப்போது எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு வாடகை வீடு. இடமாற்றத்தில் வருகிறார்கள், இரண்டு வருஷத்தில் போகிறார்கள். இன்னொன்றும் யோசித்தேன். நாம் அவ்வளவு பேரோடு விளையாடினோமே, உனக்கோ எனக்கோ கிண்ணியாவில் ஒரு கூட்டாளி இருந்தானா? சோதனைச் சாவடி, ஊரடங்கு, பயம் என்று காரணம் இருந்ததுதான். ஆனாலும் இருந்தானா?

நேற்றுச் சின்னவளைக் கூட்டிப்போனேன். தனியே விட்டுவிட்டு வருவதா என்று கேட்டாயே, முதல் தடவை நானும் கூடவே இருந்தேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம். பிள்ளைகள் முயலைப் பார்த்தது ஐந்து நிமிஷம், மிச்ச நேரம் முழுக்க எட்டுக்கோடு விளையாட்டு. கை கழுவ வளவுக்குப் போனபோதுதான் கிணற்றைக் கண்டேன். கட்டுப் பழையது, அரைவாசிக்குப் பாசி. மேலே போட்டிருந்த இரும்பு வலை மட்டும் புத்தம் புதிது. கட்டியிருந்த கம்பியின் நுனி கூட இன்னும் பளபளத்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாட்டிலப்பம் இரண்டு துண்டு சாப்பிட்டேன். சீனி வருத்தத்தோடு சாப்பிட்டதை மனைவிக்குச் சொல்லிவிடாதே.

வருகிற ஞாயிறு அவர்கள் இங்கே வருகிறார்கள். முதல்நாளே நாயை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். போன தடவை விட்டபோது இரவு முழுக்க ஊளையிட்டு, அக்கா எனக்கு இரண்டு நாள் முகம் தரவில்லை. முற்றம் கழுவுவது என் பொறுப்பாம், மனைவி சொல்லிவிட்டாள்.

உன் மகனின் விஷயம் என்ன ஆனதென்று எழுது.

அன்புடன்,
உன் பல்சர்க்காரன்