இறங்கிய கதை எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் இருக்கும் மேட்டர்ஹார்ன் சிகரம் ஏறிய அனுபவக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன், படங்களும் அருமை. ஆனால் 4478 மீட்டர் உச்சியில் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்ததோடு கட்டுரை முடிந்துவிட்டதே! அங்கிருந்து இறங்க வேண்டாமா?

1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்டு விம்பர் உட்பட ஏழு பேர் முதன்முதலாக அந்த உச்சியைத் தொட்டார்கள். மலையடிவாரத்து ஸெர்மாட் ஊருக்கு உயிரோடு திரும்பியவர்கள் மூன்றே பேர். 19 வயது ஹேடோவுக்கு இறங்கத் தெரியவில்லை என்று வழிகாட்டி மிஷெல் குரோ அவருடைய பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாறையில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார், அந்தப் பையன் வழுக்கி அவர் மேலேயே விழ, பின்னால் கயிற்றில் இருந்த ஹட்சனும் டக்ளஸும் அதே இழுப்பில் போய்விட்டார்கள். டக்ளஸுக்கு அடுத்து கயிறு அறுந்ததால் மற்ற மூவர் பிழைத்தார்கள். டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை. இவ்வளவும் உச்சியைத் தொட்ட பிறகு நடந்தது.

நானும் ஹெர்ன்லி முகடு வழியாகப் போனவன்தான். 3260 மீட்டரில் இருக்கும் குடிலிலிருந்து விடியும் முன்பே நெற்றி விளக்கோடு கிளம்பினோம். 4003 மீட்டரில் சோல்வே குடிலுக்கு வந்ததும் வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது, இறங்கலாம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சண்டைகூடப் போட்டேன். அப்புறம் இறங்க ஆரம்பித்தால், ஏறியதைவிட அதிக நேரம் பிடிக்கிறது, தொடை நடுங்குகிறது, அடுத்த காலை எங்கே வைப்பது என்று குனிந்தால் பாறைக்குப் பதில் பள்ளம்தான் தெரிகிறது. பாதி வழியிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாறை இடுக்குகளில் வருடம் முழுக்க உறைந்திருக்கும் பனிதான் அந்த மலையைச் சாந்து மாதிரி பிடித்து வைத்திருக்கிறது. கடும் வெயில் வருடங்களில் அது இளகி, கல் சரிகிறது. 2003 ஜூலையில் இதே ஹெர்ன்லி முகட்டில் பாறை சரிந்து, மேலே இருந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது.

அடுத்த இதழில் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்: கட்டுரையாளர் உச்சியிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார், எத்தனை மணிக்குக் குடிலுக்கு வந்து சேர்ந்தார்? ஏறத் துடிக்கும் இளைஞர்கள் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்