கோமதிக்கு ஒரு மேடைக் கடிதம்

அன்புள்ள கோமதி,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதத்தான் நினைத்தேன். புது நாடகத்தின் ஒத்திகை இழுத்துக்கொண்டு போய்விட்டது. முழங்கால் வலி விடுவதாக இல்லை. பக்கத்திரை ஓரத்தில் ஓடியாடும் வேலையை இளையவர்களிடம் விட்டுவிட்டு, விளக்குக் கூண்டில் உட்கார்ந்தபடி ஹெட்செட்டில் அதிகாரம் செய்துகொண்டிருக்கிறேன்.

இசை நாடகத்துக்கு உன்னை மேடை நிர்வாகியாகப் பிடித்துப் போட்டுவிட்டார்கள் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. கூட்டத்தைக் கண்டாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறவள் நீ. திரைக்குப் பின்னால் நிற்கும் வேலை உனக்குப் பொருத்தம்தான். கலைச்சொல் பட்டியல் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்களாமே, அதை ஓரமாக வை. எந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஒருவருக்கு அடிபடுமோ, காட்சி குலையுமோ, அதை முதலில் பிடித்துக்கொள். மற்றவை வேலையோடு வேலையாக வாயில் வந்துவிடும்.

மேடையின் வலம் என்றால் சபையைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலக்கைப் பக்கம். எதிரே உட்கார்ந்திருக்கும் இயக்குநருக்கு அது இடப்பக்கம். யார் எங்கிருந்து பேசினாலும் நடிகரின் கணக்குத்தான் செல்லும். மேல்மேடை என்பது சபையை விட்டு விலகிய பின்பகுதி, கீழ்மேடை முன்பகுதி. தளம் சமமாகத்தானே இருக்கிறது, இதென்ன மேல் கீழ் என்று கேட்பாய். ஐரோப்பாவின் பழைய அரங்குகளில் மேடையைச் சபைப் பக்கம் சரிவாகக் கட்டினார்கள். பின்னால் போவது உண்மையாகவே மேலே ஏறுவதுதான். இதில் ஒரு குறும்பும் உண்டு. வசனம் பேசிக்கொண்டே ஒருவர் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தால், எதிரே நிற்பவர் அவருக்குப் பதில் சொல்லச் சபைக்கு முதுகைக் காட்ட வேண்டியதுதான். அனுபவசாலிகள் சிலர் இதில் கைதேர்ந்தவர்கள். தரையில் ஒட்டிய வண்ண நாடாவைக் காட்டி ‘உங்கள் இடம் இது’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் உனக்கு வரவேண்டும்.

அடுத்து, உன் உயிர்நாடியான ‘க்யூ’. விளக்கு மாறுவது, ஒலி எழுவது, திரை இறங்குவது எல்லாமே க்யூதான். எந்தச் சொல்லில், எந்த அசைவில் அது நடக்க வேண்டும் என்று பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள். கடைசி ஒத்திகை வரை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பேனா ஆகாது. சற்று முன்னதாக ‘ஸ்டாண்ட்பை, விளக்கு 42’ என்பாய், அதாவது 42-ஆம் விளக்கு க்யூவுக்குத் தயாராக இரு என்று. விளக்குக்காரர் ‘விளக்கு’ என்று பதில் தருவார். பதில் வராவிட்டால் விடாமல் கேள். பிறகு ‘விளக்கு 42’ என்று சொல்லி நிறுத்தி, சரியான கணத்தில் ‘கோ’. பொத்தான் மேல் இருக்கும் விரல் அந்த ஓரெழுத்துக்குத்தான் காத்திருக்கும். அதனால் வேறு எதற்கும் அதை ஹெட்செட்டில் உச்சரிக்கக் கூடாது. உன் பெயரை வைத்துக்கொண்டு அங்கே என்ன பாடுபடப் போகிறாயோ!

‘ஹெட்ஸ்!’ என்று யாராவது கத்தினால் மேலிருந்து ஏதோ வருகிறது என்று பொருள், உடனே விலகு. காட்சித் திரைகள் தொங்கும் குழாய்களும் அவற்றுக்கு ஈடான எடைகளும் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. தீத்தடுப்புத் திரை இறங்கும் கோட்டில் நாற்காலி, பெட்டி என்று எதையும் வைக்க விடாதே. 1903-ல் சிகாகோவின் இராக்குவாய் அரங்கில் தீப்பிடித்தபோது அந்தத் திரை முழுதாக இறங்காமல் பாதியில் சிக்கியது. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

திரை என்றதும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நினைவுக்கு வருகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி: ஒரு பக்கமாக இழுப்பது, இருபுறமிருந்தும் வந்து கூடுவது, மேலிருந்து இறங்குவது. இன்றும் இந்த மூன்றையும் மேடைகளில் பார்க்கலாம். அழகான பெயர்கள், இருட்டில் கத்துவதற்கு மட்டும் ‘திரை’ போதும்.

இசைப் பக்கம் நீ அதிகம் கவலைப்பட வேண்டாம். முன்னிசைக்கு ஓவர்ச்சர், வந்த பாட்டே மறுபடி வந்தால் ரிப்ரைஸ். ‘வேம்ப்’ மட்டும் உன் வேலையோடு ஒட்டியது. உடை மாற்றும் நடிகை இன்னும் வந்து சேரவில்லை என்றால், வாத்தியக்குழு அதே சில அடிகளைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். எங்கெங்கே அதற்கு இடமிருக்கிறது என்று இசை நடத்துநரிடம் முன்கூட்டியே கேட்டு வை. குழுப்பாத்திரங்கள் பலவற்றைக் கற்றுக்கொண்டு, அன்று யார் வரவில்லையோ அவருடைய இடத்தில் இறங்குகிறவருக்கு ‘ஸ்விங்’ என்று பெயர். என்னைக் கேட்டால் முழுக் குழுவிலும் அவருக்குத்தான் அதிகச் சம்பளம் தரவேண்டும், தருவார்களா என்ன!

தொழில்நுட்ப ஒத்திகையில் வசனங்களைத் தாண்டி க்யூவிலிருந்து க்யூவுக்குத் தாவுவீர்கள். நடிகர்கள் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதே. அதற்கு முன் உன் பிரதியின் முதல் காட்சியை நகலெடுத்து அனுப்பு. ஸ்டாண்ட்பை எங்கெங்கே வரவேண்டும் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
வசந்தா